பெயர் எழுதாத வில்

என் வலது கண்ணைப் பற்றிப் பெரியவர்கள் யாரும் நேரே கேட்பதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு யன்னலுக்கு வெளியே எதையோ கண்டவர்களாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிள்ளைகள்தான் கேட்பார்கள். "ரீச்சர், அது கண்ணாடிக் கண்ணோ?" ஓம், கண்ணாடிதான் என்று சொல்லிவிட்டு நான் என் பாட்டில் இருப்பேன். எப்படிப் போனது என்று சொல்லத் தொடங்கினால் ஒரு சங்கத்தின் கதையைச் சொல்லவேண்டி வரும். அதற்கு ஒரு பஸ் பயணம் காணாது.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் வில்லும் அம்பும் செய்கிற பட்டறைகள் இருந்தன என்றால் இன்றைக்குச் சிலர் நான் புளுகுகிறேன் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். வெள்ளைக்காரக் கடற்படை இங்கே இருந்த காலத்தில் அதன் அதிகாரிகள் பின்னேரங்களில் புல்தரையில் நின்று வில் விடுவார்கள். முறிந்த வில்லைத் திருத்துவது கப்பல்துறையில் வேலை பார்த்த நம் தச்சர்களின் வேலை. திருத்தித் திருத்தியே அவர்கள் செய்யப் பழகினார்கள். கடற்படை மூட்டை கட்டிக்கொண்டு போனபோது வேலையில்லாமல் நின்ற தச்சர்களில் ஓரிருவர் சொந்தப் பட்டறை போட்டார்கள். பள்ளிக்கூடங்கள் வாங்கின. பிறகு வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராது என்ற காலம் வந்தது. உப்புவெளிப் பக்கம் கடற்கரையில் எழும்பிய ஹோட்டல்கள்கூட வெள்ளைக்கார விருந்தாளிகள் விளையாட எங்கள் ஊர் வில்லைத்தான் வாங்கவேண்டி இருந்தது.

இந்தப் பட்டறைகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. பெயர்ப்பலகையில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. அதை முழுதாகச் சொன்னவரை நான் கண்டதில்லை. எல்லோருக்கும் அது சங்கம். மூன்று பட்டறைக்காரர், ஒரு தலைவர், ஒரு செயலாளர், அவ்வளவுதான். தலைவர் கப்பல்துறையில் தச்சராக இருந்தவர். மற்ற மூவருக்கும் தொழில் பழக்கியவரும் அவரே. ஊரில் எல்லோரும் அவரை அண்ணை என்றார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். செயலாளர் கிண்ணியாவில் இருந்து மரமும் மூங்கிலும் கொண்டுவந்து விற்கிற ஒரு முஸ்லிம் வியாபாரி. அவர் தன் கையால் ஒரு வில்லும் செய்ததில்லை. ஆனால் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவரை நாங்கள் நானா என்போம்.

நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. வில் விடும் விளையாட்டை எங்கள் பாடசாலைக்குக் கொண்டுவந்தவள் நான்தான், அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. முதல்முறை பட்டறைக்குப் போனபோது அண்ணை தந்த வில்லை என்னாலேயே பாதிக்கு மேல் இழுக்க முடியவில்லை. "இது பொம்பிளைப் பிள்ளையளுக்கோ, பன்றி வேட்டைக்கோ?" என்று கேட்டேன். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அண்ணை சிரிக்கவில்லை. அடுத்த கிழமை மெல்லிய வில் ஒன்றைச் செய்வித்துவைத்துக்கொண்டு ஆள் அனுப்பினார். என் வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயைப் பொறுத்துக்கொண்ட ஆம்பிளைகள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை, அவர் ஒருவர்.

சங்கம் என்றால் சந்தா வாங்கிக்கொண்டு வருசத்துக்கு ஒருமுறை கூடித் தேத்தண்ணி குடிக்கிறது என்று நினைக்கவேண்டாம். இவர்களுக்குச் சில வழக்கங்கள் இருந்தன. சாதிசனக் கட்டுப்பாட்டைக்கூட மீறுகிறவர்கள் அந்த வழக்கங்களை மீறமாட்டார்கள்.

ஒன்று, வில்லில் செய்தவர் பெயர் இருக்காது. எல்லா வில்லிலும் பிடிக்குக் கீழே ஒரு சின்ன மீன் உருவம், காய்ச்சிய இரும்பால் சுட்டது. அதுதான் சங்கத்தின் முத்திரை. யாருடைய வில் என்று கேட்டால் மூவரும் ஒரே மாதிரி, "எங்கட வில்" என்பார்கள். ஆதியில் இரண்டு பட்டறைக்காரர் என் வில் நல்லது, உன் வில் கூடாது என்று அடிபட்டு, வாங்க வந்தவர் இரண்டையும் விட்டுவிட்டுப் போனாராம். அதன் பிறகு அண்ணை வைத்த வழக்கம் இது. உப்புவெளிப் பட்டறைக்காரர் காய்ச்சலில் கிடந்த வருசம் அவர் செய்யவேண்டியதை மற்ற இருவரும் செய்து முடித்தார்கள், வாங்கியவர்களுக்கு அது தெரியவே இல்லை. அப்போது நான் பிள்ளைகளிடம் சொன்னேன், ஒற்றுமை என்றால் இதுதான் என்று. பெருமையாகச் சொன்னேன்.

இரண்டாவது, முத்திரை குத்துமுன் செய்தவர் அல்லாத வேறொருவர் அந்த வில்லை முழுதாக இழுத்துப் பார்க்கவேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். எங்கள் வில் ஒரே மரத்தால் ஆனதில்லை. கமுகு மரத்தில் சீவிய சிலாகையின் முதுகில் மூங்கில் பட்டையை வச்சிரம் பூசி ஒட்டி, கயிற்றால் வரிந்து காயவைப்பார்கள். வச்சிரம் என்பது மாட்டுத்தோலில் காய்ச்சுகிற பசை. வெயில் காலத்தில் அது கல்லாகக் காயும். மாரியில், வாடைக்காற்று கடலின் ஈரத்தை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து கொட்டுகிற மாதங்களில், அது காயாது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். ஆகவே கார்த்திகை பிறந்ததும் எல்லாப் பட்டறையிலும் வச்சிரச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். தைப்பொங்கலன்று சட்டிக்குத் திருநீறு பூசி நிமிர்த்துவார்கள். வேதக்காரரான உப்புவெளிக்காரர் தன் சட்டிக்குச் சிலுவை அடையாளம் போடுவார். இடைப்பட்ட காலத்தில் திரியாய்ப் பக்கத்தில் இருந்து வருகிற மயில் இறகுகளை வெட்டி அம்புக்குக் கட்டுவார்கள், தும்புக் கயிற்றைச் சுருட்டி இலக்குத் தட்டி செய்வார்கள். சட்டி கவிழ்ந்திருக்கும் மாதங்களில் யாராவது வில் கேட்டு வந்தால், "சட்டி கவிண்டிட்டுது" என்பார்கள். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வருசம் நான் ஆவணியிலேயே வில் கேட்டிருந்தேன். எங்கள் பாடசாலையில் விளையாட்டுச் சாமான் வைக்கிற அறை மாரியில் ஒழுகும். ஆனபடியால் செய்துவைத்திருங்கள், பொங்கல் கழிய எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வெயிலில் ஒட்டிய வில்தான் எனக்கு வரும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. சந்தேகப்பட ஏதும் இருந்திருந்தால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

மாசி தொடக்கத்தில் வில்கள் வந்தன. புது வில்லை நான் ஒருபோதும் நேரே பிள்ளைகளின் கையில் கொடுப்பதில்லை. சங்கம் இழுத்துப் பார்த்திருந்தாலும் நானும் ஒருமுறை அம்பு வைத்து இழுத்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன். அன்று பின்னேரம் மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அணித்தலைவி, உயர்தர வகுப்புப் பிள்ளை, என் பக்கத்தில் நின்று, "ரீச்சர், இது எனக்கு" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பொறு என்றேன். அம்பை வைத்தேன். கன்னம் வரைக்கும் இழுத்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. துணி கிழிகிற மாதிரி ஒன்று கேட்டது. வில்லின் மேல்கையில், பிடிக்கு மேலே உள்ள பாதியில், மூங்கில் பட்டை கமுகைவிட்டுக் கழன்று, நடுவில் பிளந்து, அதில் கூரிய சிம்பு ஒன்று வந்து என் கண்ணில் ஏறியது. நான் விழவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "கிட்ட வராதேங்கோ" என்று சொன்னது நினைவிருக்கிறது. நான் வைத்திருந்த அம்பு என் காலடியில் கிடந்ததாகப் பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். அந்த அம்பு இருந்ததா இல்லையா என்பதற்குப் பிறகு பெரிய விலை வந்தது.

இங்கே ஆஸ்பத்திரியில் முதலில் வைத்தார்கள், பிறகு கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். கண்ணைக் காப்பாற்ற ஏலாது என்று டொக்டர் சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு வந்தது கோபம். வில் விடுகிறவளுக்கு வலது கண்தான் எல்லாம், இனி நான் என்ன செய்வேன் என்று அந்தக் கட்டிலில் கிடந்து நினைத்தேன். அண்ணையும் நானாவும் ரயிலேறிக் கொழும்புக்கு வந்தார்கள். செவ்விளநீர் கொண்டுவந்தார்கள். அண்ணை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதார். அது கவலையால் வந்த அழுகை என்று நான் நினைத்தேன். கவலை மட்டும் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்பி வந்தபோது எனக்கு முன்னமே ஒரு கதை வந்திருந்தது. ரீச்சர் அம்பில்லாமல் வெறும் நாண் விட்டவாவாம்.

இதன் பாரம் வில் பழகாதவர்களுக்குப் புரியாது. நாணை இழுத்து, அம்பு வைக்காமல் விட்டால், அம்புக்குப் போகவேண்டிய வேகம் முழுவதும் வில்லிலேயே திரும்பி அடிக்கும். எந்த நல்ல வில்லும் அதில் பிளக்கும். முதல்நாள் பிடிக்கிற பிள்ளைதான் அந்தப் பிழையைச் செய்யும், சத்தத்தைக் கேட்கிற ஆசையில். எங்கள் மைதானத்துச் சுவரில் 'அம்பின்றி நாண் விடாதே' என்று பெரிதாக எழுதிவைத்தது நான்தான். அந்த எழுத்துக்குக் கீழே நின்று நானே அதைச் செய்தேன் என்றுதான் இப்போது ஊர் சொன்னது.

அதிபர் என்னைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னா. நல்ல மனுசி, ஆனால் கல்வி இலாகாவுக்குப் பயந்தவ.

"சங்கத்தில இருந்து வந்து சொல்லிப்போட்டுப் போயிருக்கினம்" என்றா. "வில்லில பிழையில்லையாம். நீங்கள் வெறும் நாண் விட்டிருக்கவேணுமாம். இலாகாவில கேக்கினம். உங்கட கவனக்குறைவு எண்டு முடிவானால் உங்களை மைதானப் பக்கம் விடமாட்டினம். கந்தோரில எங்கையாவது போடுவினம்."

"பிள்ளையள் பார்த்துக்கொண்டு நிண்டவை. கேளுங்கோ."

"பிள்ளையள் உங்களில உயிர். அவையின்ர சொல் எடுபடாது."

"மிச்ச வில்லெல்லாம் எங்க?"

"அறையில இருக்கு. புது ரீச்சர் வாற கிழமை தொடங்குறா."

நான் எழும்பிவிட்டேன். என் பெயரும் என் வேலையும் போகப் பார்த்தது ஒரு பக்கம். அதைவிட, அதே கையால் ஒட்டிய மற்ற வில்களை அடுத்த கிழமை பிள்ளைகள் கன்னத்துக்கு இழுக்கப் போகிறார்கள். நான் வெறும் நாண் விட்டது உண்மை என்றால் அந்த வில்கள் நல்லவை. பொய் என்றால் அவற்றுக்கு இன்னொரு கண் வேண்டும். என் பெயரைக் காப்பாற்றுவதும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதும் அன்றைக்கு ஒரே காரியமாக இருந்தது. அதிபரிடம் சாவியைக் கேட்டேன். தரமாட்டேன் என்றா. தரும்வரைக்கும் அங்கேயே நின்றேன், தந்தா.

சங்கம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அண்ணையின் பட்டறையில் கூடும். துறைமுகத்தைப் பார்த்த கொட்டில், பின்பக்கம் திறந்திருக்கும், கப்பல் சங்கு ஊதினால் பேச்சு நிற்கும். வாடகைக் காரில் மிச்ச வில்களை ஏற்றிக்கொண்டு நான் போய் இறங்கினேன். அம்மாவும் வருவேன் என்று நின்றா, வேண்டாம் என்றுவிட்டேன். கண்ணில் கட்டு இன்னும் இருந்தது. மூன்று பட்டறைக்காரரும் இருந்தார்கள். அண்ணை ஒரு கதிரையில், நானா ஒரு மரக்குற்றியில். என்னைக் கண்டதும் எல்லோரும் எழும்பினார்கள்.

"இருங்கோ" என்றேன். "நான் வெறும் நாண் விட்டனான் எண்டு ஆர் கண்டது?"

 மூவரில் இளையவர், மூதூரில் இருந்து வந்து இங்கே கல்யாணம் கட்டியவர், நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ஆரும் காணேல்லை ரீச்சர். ஆனா எங்கட வில் அப்பிடிக் கழறாது. வெறும் நாண் விட்டால்தான் அப்பிடி வரும்."

"என்ர கண்ணில ஏறினது ஆற்ர வில்?"

"எங்கட வில், பிள்ளை" என்றார் அண்ணை.

நான் பெருமைப்பட்டு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்ன அந்தச் சொல். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவரும் தனியாகப் பொறுப்பில்லாதபடி எல்லோரும் பொறுப்பாம். கையைப் பிடித்து இழுக்க ஒரு ஆள் இல்லாதபடி ஒரு சங்கம்.

வில்களை அவர்கள் நடுவில் பாயில் வைத்தேன். எல்லாவற்றிலும் அந்த மீன் இருந்தது.

"எங்கட வில் எண்டால் நல்லது" என்றேன். "எங்கட வில்லை எங்கட ஆக்கள் ஒருக்கா இழுங்கோ. கன்னம் வரைக்கும் இழுத்துக் காட்டுங்கோ. ஒண்டும் வராட்டில் நான்தான் பிழை எண்டு எழுதித் தந்திட்டுப் போறன்."

அந்தக் கொட்டிலில் இருந்தவர்களில் வில் இழுக்கத் தெரியாத ஆள் நானா மட்டும்தான். மற்றவர்கள் வாழ்நாள் முழுதும் இழுத்தவர்கள். கை ஒன்றும் பாயை நோக்கிப் போகவில்லை. உப்புவெளிக்காரர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். மூன்றாவது பட்டறைக்காரர் வெளியே கடலைப் பார்த்தார். எனக்கு அப்போதே விடை தெரிந்துவிட்டது. ஆனால் வாயால் சொல்லாத விடை இலாகாவுக்குச் செல்லாது.

அண்ணை எழும்பினார். பாய்க்குக் குனிந்து ஒரு வில்லை எடுத்தார். நாணைப் பூட்டினார், அம்பும் வைத்தார். மற்ற மூவரும் எழும்பினார்கள், ஒருவரும் கிட்டப் போகவில்லை. அவர் வில்லை உயர்த்தி இழுக்கத் தொடங்கினார். நாண் நெஞ்சுக்கு வந்தது.

நானா மரக்குற்றியில் இருந்து பாய்ந்து போய் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் அண்ணை! வேணாம். அது மாரியில ஒட்டினது!"

பிறகு அவர் நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார். அண்ணை நாணை மெதுவாகத் திருப்பி விட்டு, வில்லைப் பாயில் வைத்தார். 

எல்லாம் அதற்குப் பிறகு வெளியே வந்தது. ஐப்பசி கடைசியில், மாகாணத்துப் பாடசாலைகளுக்குள் வில் போட்டி நடத்தப்போகிறோம் என்று இலாகா அறிவித்திருக்கிறது. பல பாடசாலைகள் ஒரேயடியாக வில் கேட்டன. தை முடிய வில் கைக்கு வராவிட்டால் அவை இந்த விளையாட்டையே விட்டுவிடும் என்றார்கள். அண்ணை சங்கத்தைக் கூட்டி, இந்த ஒரு வருசம் சட்டியைக் கவிழ்க்க வேண்டாம் என்று சொன்னார். பட்டறையை மூடி, உள்ளே சிரட்டைக் கரி எரித்துக் காயவைக்கலாம் என்று நம்பினார்கள். அவசரத்தில் இழுத்துப் பார்க்காமலே முத்திரை குத்தினார்கள். ஆவணியில் எனக்கென்று செய்துவைத்த நல்ல வில்கள் முந்தி வந்து கேட்ட பாடசாலைகளுக்குப் போய்விட்டன. மாரி வில்கள் எனக்கு மிஞ்சின. எல்லாவற்றிலும் ஒரே மீன் இருந்ததால் எது எந்த மாதத்து வில் என்று அவர்களுக்கே பிரிக்கத் தெரியவில்லை. என் கண் போன பிறகு உண்மையைச் சொன்னால் எல்லா வில்லையும் திருப்பிக் கேட்கவேண்டும், சங்கமே முடிந்துவிடும் என்று பயந்தார்கள். ஒரு ரீச்சரின் கவனக்குறைவு என்றால் ஒருவரோடு போய்விடும்.

நான் கத்தினேன். அண்ணையின் கண்ணுக்குப் பயந்த உங்களுக்கு என் பிள்ளைகளின் கண்ணுக்குப் பயம் வரவில்லையா என்று கேட்டேன். எனக்குப் பதில் தேவைப்படவில்லை. கேட்கவேண்டி இருந்தது, கேட்டேன்.

அதன் பிறகு சங்கம் நடந்துகொண்ட விதத்தை நான் மறைக்கப் போவதில்லை. நியாயத்தைச் சொல்லவேண்டும். அண்ணை அன்றைக்கே முடிவு சொன்னார். எந்த மாதத்து வில் என்று பிரிக்க ஏலாதபடியால் அந்த வருசத்து மீன் குத்திய வில் எல்லாவற்றையும் திருப்பி எடுப்பது, நல்லதையும் சேர்த்து. நானா பஸ்ஸிலும் தோணியிலும் ஏறி இறங்கினார். மூதூர், சம்பூர், கிண்ணியாப் பாடசாலைகளுக்கும் உப்புவெளி ஹோட்டல்களுக்கும் போய்த் தலையைக் குனிந்து நின்று வாங்கிவந்தார். ஓரிடத்தில் வாசலுக்கு வெளியே நிற்கவைத்துப் பேசினார்களாம். பேசுவார்கள்தானே என்றார்.

எங்கள் பாடசாலைக் காலைக் கூட்டத்துக்கு அண்ணை வந்தார். வெள்ளை வேட்டி, சால்வை. பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, "உங்கட ரீச்சர் அம்பு வைச்சுத்தான் இழுத்தவா. வில் கூடாது. அந்த வில்லை நாங்கள் தந்தனாங்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு மூன்று பட்டறைக்காரரும் வாளோடு மைதானத்தில் இருந்து, சேர்த்துவந்த வில்களை ஒவ்வொன்றாக நடுவில் அறுத்தார்கள். பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அணித்தலைவி அழுதாள். அவளுடைய கை நீண்டிருந்த இடத்தை அவள் நினைத்திருப்பாள்.

அதிபர் இலாகாவுக்கு எழுதினா. என் வேலை எனக்கே இருந்தது. மைதானமும் இருந்தது. இடது கண்ணால் குறி வைக்கப் பழகினேன். ஒருபோதும் பழையபடி வரவில்லை, ஆனால் சொல்லிக்கொடுக்கக் காணும். சங்கம் அந்த வருசம் ஐப்பசியிலேயே சட்டிகளைக் கவிழ்த்தது.

என் பெயர் திரும்பிவிட்டது. கண் திரும்பவில்லை. யாரோ ஒருவருடைய கை, ஒரு மார்கழி நாளில், நனைந்த காற்றில், வச்சிரத்தைப் பூசி ஒட்டியிருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியவேண்டும் என்றிருந்தது. வெறுப்பதற்கு ஒரு முகம் வேண்டும். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் அந்த மூன்று முகங்களையும் மாறி மாறி வைத்துப் பார்த்தேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு உப்புவெளிக்காரர் வந்து படலையில் நின்றார். உள்ளே வரவில்லை.

"ரீச்சர், சங்கத்துக்குத் தெரியாமல் வந்தனான். பெயர் சொல்லக்கூடாது எண்டது எங்கட வழக்கம். ஆனா நித்திரை இல்லை. அது என்ர வில். நான் ஒட்டினது."

கேட்கவேண்டிய எல்லாவற்றையும் கேட்டேன். அவர் எதையும் தடுக்கவில்லை. போகும்போது பாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்துதான் போனார், ஏறவில்லை. எனக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன்.

சில நாள் கழித்து மூதூர்க்காரர் வந்தார். அவரும் சங்கத்துக்குத் தெரியாமல்தான் வந்தார். அவரும் அதையே சொன்னார். அது என்ர வில் ரீச்சர், மேல்கையில அந்த மூங்கிலைச் சீவினது எனக்கு நினைவிருக்கு என்று சத்தியம் பண்ணினார். அடுத்த கிழமை மூன்றாமவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, வாசலில் நின்று, அதையே சொன்னார். மனைவி என் காலைப் பிடிக்கக் குனிந்தா, நான் விலகிக்கொண்டேன்.

இது சங்கம் கூடிச் செய்த தந்திரம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. நேரே நானா மரம் விற்கிற மரக்காலைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னபோது அவருக்கு எதுவும் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. தலையில் கை வைத்தார்.

"ஒருத்தனும் பொய் சொல்லல்ல ரீச்சர்" என்றார். "வில்லில பேரில்லயே. ஒவ்வொருத்தனும் தன்ட கைதான் எண்டு நம்பிக்கிட்டுக் கிடக்கான். பேரிருந்தா ரெண்டு பேராவது நிம்மதியாத் தூங்குவானுவள்."

வீட்டுக்கு வந்து இருந்தேன். மூன்று பேரிடமும் மூன்றில் ஒரு பங்கு கோபத்தைத்தான் வைக்க முடிந்தது. அது கோபமாக இல்லை, உள்ளே கிடந்து அரிக்கிற ஒன்றாக இருந்தது. யாரையும் முழுதாக வெறுக்கவும் முடியவில்லை, யாரையும் விடவும் முடியவில்லை.

கடைசியாக அண்ணை வந்தார். பின்னேரம். அம்மா கதிரை போட்டா, அவர் இருக்கவில்லை.

"பிள்ளை, அந்த வில் நான் ஒட்டினது" என்றார்.

அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தேன். விரல் முட்டுகள் வாதத்தில் வீங்கி வளைந்திருந்தன. அவர் வச்சிரம் தொட்டு எத்தனையோ வருசம். பட்டறையில் இருந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அது ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"ஏன் அண்ணை பொய் சொல்லுறீங்கள்?"

"ஒட்டுங்கோ எண்டு சொன்ன வாய் என்ர. வெறும் நாண் எண்டு கதை கட்டச் சொன்னதும் நான். ரீச்சர் சமாளிப்பா எண்டு நினைச்சன்." அவர் சால்வையை எடுத்துக் கையில் சுற்றினார். "அவங்கள் வந்து போனதாக் கேள்விப்பட்டன். அவங்கள் பிள்ளைகுட்டிக்காரர், தொழில் செய்யவேணும். கை நடுங்கிக்கொண்டு ஒட்ட ஏலாது. பிள்ளைக்கு ஒரு ஆளை வெறுக்கவேணும் எண்டால், என்னை வெறுங்கோ. நான் கிழவன். நான் தாங்குவன்."

 கும்பிட்டுவிட்டு அவர் படலையைச் சாத்திக்கொண்டு போனார்.

மற்ற மூவரோடும் நான் பிறகு கதைத்தேன். பட்டறைக்குப் போனேன், மெல்லிய வில் கேட்டுச் சண்டை பிடித்தேன், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டேன். அண்ணை உயிரோடு இருந்தவரைக்கும் அவரோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் அவர் ஓரமாக ஒதுங்கி நிற்பார், நான் தாண்டிப் போவேன். அந்த வெறுப்பைக் கேட்டுத்தான் அவர் என் வீட்டுக்கு வந்திருந்தார், நானும் அதைக் கொடுத்தேன்.